புலிப்பக்கத்துத் தியாம்-சாய்

சுவரைத் தட்டிக்கொண்டே போகிறார் தியாம்-சாய். விரல் முட்டியால் டக், டக். ஒரு முழம் தள்ளி மறுபடியும் டக். காதைச் சுவரோடு ஒட்டிவைத்துக் கேட்கிறார். "ம்... இது தேவலை" என்று அந்தச் சுவருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார். வாயில் பிரஷ். பற்பசை நுரை தாடையில் வழிந்து பனியன்மேல் சொட்டுகிறது. வீட்டை ஒரு சுற்றுத் தட்டி முடித்தால்தான் வாய் கொப்பளிப்பார்.

"பல்லு விளக்குறவங்க ஒரு இடத்துல நின்னு விளக்குவாங்க. இவரு சாமி ஊர்வலம் மாதிரி சுத்தி வராரு" என்று அடுப்படியிலிருந்து பிக்-லியென் குரல் கொடுப்பாள். பிக்-லியென் அவர் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவரும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறார்.

அறுபதைத் தாண்டிய ஆள். யுன்லின் பக்கம் சாய்-லியாவ் கிராமத்தில் பூண்டும் நிலக்கடலையும் போடுகிறார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று ஊரில் பெயர். சாப்பாட்டைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தபடியேதான் சாப்பிடுவார். ஒரு வாய் சோறு, ஒரு பார்வை கூரைமேல். உட்கார வைத்தால் முழங்கால் ஆடும். முழங்காலைப் பிடித்து அமுக்கினால் கட்டைவிரல் ஆடும். காதிடுக்கில் தச்சுப் பென்சில். கால்சட்டைப் பையில் ஆணி, ஓட்டுச் சில்லு, காய்ந்துபோன பாக்கு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும்.

யார் வீட்டுக்குப் போனாலும் "வாங்க" என்பதற்குள் அண்ணாந்து பார்த்துவிடுவார். பக்கத்து ஊரில் ஒரு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா கைகூப்பி வரவேற்கிறார். இவர் அவர் தலைக்குமேல் பார்த்து, "அந்த உத்தரத்துல கரையான் ஏறியிருக்கு. இந்த வருஷம் தாங்காது" என்றார். நல்ல நாளும் அதுவுமாக! அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. வழியெல்லாம் பிக்-லியென் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். போன இலையுதிர் காலத்தில் அண்ணன் பக்கவாதத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஓடிப்போய்க் கட்டிலருகே நின்று அழுத மனிதர், கண்ணைத் துடைத்த கையோடு தலைமாட்டுச் சுவரையும் தட்டிப் பார்த்தார். "அட்டை! வெறும் அட்டை! இதுக்குள்ள வெச்சு எப்படிக் குணமாக்குவாங்க?" நர்ஸ் வந்து வெளியே அனுப்பிவிட்டாள்.

இத்தனை பதைப்புக்கும் வேர் ஒரே ஒரு வீடுதான். லாய் குடும்பத்து வீடு அது. மேலே நின்று பார்த்தால் 'ப' எழுத்து மாதிரி இருக்கும். நடுவரிசை அடிக்கோடு. இரண்டு பக்கமும் இரண்டு கைகளாக நீளும் அறைகள். திறந்த பக்கம் சாலையைப் பார்த்தது. நடுவே முற்றம். அறுவடைக் காலத்தில் முற்றம் முழுக்கப் பூண்டு காயும். அந்தக் காரநெடி தலையணை உறைவரை ஏறும்.

வீட்டின் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டுமென்றால் பின்னாலேயே ஓட வேண்டும். "மொதல்ல மூங்கில் சட்டம், அதுமேல மண்ணு. எங்க கொள்ளுத்தாத்தா. வாங்க வாங்க. அப்புறம் தாத்தா காலத்துல செங்கல். இடுப்புவரைக்கும்தான் செங்கல், பாத்தீங்களா? அதுக்குமேல பச்சை மண்கல்லு. வெள்ளம் வந்தா இடுப்புவரைக்கும்தானே வரும்? அந்தாளு மூளைக்காரரு. மேல சுண்ணாம்பும் உமியும் பூசினது. நடுக்கூடத்து உத்தரம் கடல் தாண்டிக் கப்பல்ல வந்த மரம். நிக்காதீங்க, இங்க வாங்க." செங்கல்லின் நிறம் மாறும் இடம் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டுவார். ஒவ்வொரு பையனுக்கும் கல்யாணமாகும்போது கையோடு ஓர் அறை ஒட்டிக் கட்டுவார்கள். அதனால் நிறம் மாறும் இடமெல்லாம் ஒரு கல்யாணம். "இந்தக் கருஞ்சிவப்பு எங்க பெரியப்பா. இந்த வெளிர்ச்சிவப்பு எங்கப்பா. அந்த வருஷம் சூளையில விறகு பத்தலை, அதான் வெந்தும் வேகாம இருக்கு. எங்கம்மா அதைச் சொல்லிச் சொல்லியே எங்கப்பாவைத் திட்டும்."

நடுக்கூடத்தில் முன்னோர் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. அந்தக் கூரைதான் எல்லாவற்றையும்விட உயரம். அங்கே உட்கார்ந்திருக்கும் முன்னோர் சாலையைப் பார்த்தால் அவர்களுக்கு இடக்கைப் பக்கம் டிராகன், வலக்கைப் பக்கம் புலி. டிராகன்பக்கம் மூத்தவனுக்கு, புலிப்பக்கம் இளையவனுக்கு. டிராகன்பக்கத்து முகடு புலிப்பக்கத்தைவிட ஒரு மயிரிழையாவது உயர்ந்திருக்க வேண்டும். புலி தலை தூக்கினால் மூத்தவன் குடும்பம் நோயில் விழும், உருப்படாது. இதைக் கேட்டுச் சிரிக்கிற பையன்கள்கூட வீடு கட்டும்போது கொத்தனாரிடம் ரகசியமாக இதைச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. கூடம் எல்லாருக்கும் பொது. மற்றபடி அவரவர் அறை அவரவருக்கு. அடுத்தவன் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. தியாம்-சாயின் அப்பா ஒருமுறை மழையில் கரைந்துகொண்டிருந்த பெரியப்பா வீட்டுப் பின்சுவரை, அவர்கள் ஊரில் இல்லாத நேரத்தில் பூசி வைத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் பெரியப்பா வீட்டில் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "இன்னைக்குச் சுவரைத் தொட்டான், நாளைக்கு வீட்டைத் தொடுவான்." அதற்கப்புறம் முன்னோர் வழிபாட்டுக்கு இரண்டு வீட்டாரும் தனித்தனி நேரத்தில் வந்தார்கள். கடைசியில், பங்கில் கொல்லைப்புறத்தை எடுத்துக்கொண்ட பெரியப்பா வகையறா தங்கள் பின்வரிசையை இடித்துத் தள்ளிவிட்டுத் தகரக் கொட்டகை போட்டார்கள். அந்தத் தகரம் இன்றைக்கும் வெயிலில் பளபளக்கிறது. அதைப் பார்க்கக் கூடாதென்றே தியாம்-சாய் கொல்லைப்பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொள்வார்.

இப்போது டிராகன்பக்கம் அண்ணன் தியாம்-ஹோக்குக்குச் சொந்தம். அண்ணன் தைச்சுங் நகரத்தில் இருக்கிறார். அறைகள் பூட்டிக் கிடக்கின்றன.

சில வருஷங்களுக்கு முன் தன் புலிப்பக்கம் ஒழுகுகிறதென்று தியாம்-சாய் கூரையைப் பிரித்துப் புதிதாய் மேய்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, முற்றத்துக்குக் குறுக்கே இழுத்து, அண்ணன் பக்கத்து முகட்டோடு மட்டம் பிடித்தார். தன் முகட்டை அதைவிட இரண்டு விரற்கடை தாழ்த்தியே வைத்தார். "புலி குனிஞ்சே கிடக்கட்டும். நம்மால ஒரு பேச்சு வரக் கூடாது" என்றார். தவறு எங்கே என்றால், அண்ணன் முகடு அப்படியே நிற்கும் என்று நம்பினார் பாருங்கள், அங்கேதான். ஊர் வீட்டுக் கரையானையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்கிற மனிதர், பூட்டின கதவுக்குள்ளே கரையான் என்ன செய்கிறதென்று பார்க்க வழியில்லாமல், வெளியிலிருந்து மட்டம் பிடித்துவிட்டார். உள்ளே முகட்டு உத்தரம் அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் டிராகன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

ஒரு காலை, வாயில் நுரையோடு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிரஷ் நின்றுவிட்டது. புலி உயரம், டிராகன் தாழ்வு. உலகத்துக்கே தெரிகிற மாதிரி.

பழிகூடப் போகட்டும். அவருக்குத் தூக்கம் போனது வேறு காரணத்துக்கு. டிராகன்பக்கத்து முகட்டு உத்தரத்தின் ஒரு முனை கூடத்தின் இடச்சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது முறிந்தால் அந்தச் சுவரையும் இழுத்துக்கொண்டுதான் விழும். சுவர் போனால் கூடம் போகும், கூடம் போனால் வீடு என்று சொல்ல என்ன மிச்சம்? அந்தப் பக்கம் வைகாசியில் தொடங்கும் மழைக்குத் தாங்காது என்று அவருக்குத் தெரியும். ஓடு இருக்கிறது, மரம் இருக்கிறது, கை துறுதுறுக்கிறது. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லாமல் தொட முடியாது. அண்ணன் பக்கத்துத் தாழ்வாரத்தின் கீழ் போய் நிற்பார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்வார். விட்டால் அந்தக் கை தானாகவே எதையாவது பிடுங்கிவிடும் என்கிற பயம்.

போன் போடுவார். "அண்ணே, சாப்ட்டீங்களா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா? சரிண்ணே, உடம்பைப் பாத்துக்குங்க." வைத்துவிடுவார்.

"கூரையைப் பத்திக் கேட்டீங்களா?" என்பாள் பிக்-லியென்.

"கேக்கலாம், கேக்கலாம். மனுஷன் கையை அசைக்க முடியாமக் கிடக்காரு. உன் பக்கம் எறங்கிப் போச்சுன்னு எந்த வாயால சொல்லச் சொல்றே?"

இந்தச் சிங்மிங்குக்கு, முன்னோர் கல்லறையைக் கும்பிடும் நாளுக்கு, அண்ணன் வந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் தடவை. முன்னோர் கல்லறைகளில் புல் வெட்டி, மஞ்சள் தாளை விரித்துக் கல் வைத்துவிட்டு, எல்லாரும் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். பிக்-லியென் சுருட்டித் தின்னச் சன்னமான மாவுத்தோலும், நிலக்கடலைப் பொடியும், வதக்கிய முட்டைக்கோஸும் மேசையில் பரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் குன் வழக்கம்போல வெற்றிலைப்பாக்கு மென்றுகொண்டு, கூப்பிடாமலே வந்து வாசலில் குந்தியிருந்தான். அண்ணனைப் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வலது கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

அண்ணி ஷூ-ஹுய் சாப்பிட உட்காரவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று இரண்டு கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தம்பி, மனை பாக்கிறவர்கிட்ட போட்டோ காட்டினேன். பாத்த உடனே சொல்லிட்டாரு, புலி தலை தூக்கிருச்சுன்னு. நீங்க கூரையை ஒசத்துனீங்க, உங்க அண்ணன் படுத்துட்டாரு."

"அக்கா! என்ன பேச்சு இது?" என்றாள் பிக்-லியென். கையில் மாவுத்தோல் அப்படியே நின்றது.

"நான் சும்மா பேசலை. நாலு ஆளு வேலையை ஒத்தையாச் செஞ்ச மனுஷன். இப்ப நான் கஞ்சி ஊட்டுறேன், வாயைத் தொடைக்கிறேன், தூக்கிக் குளிப்பாட்டுறேன். எதுனால இப்படி ஆச்சுன்னு யாராவது எனக்குச் சொல்லுங்களேன்!" அண்ணியின் குரல் உடைந்தது. கெட்டவள் இல்லை அவள். களைத்துப் போனவள். யார்மேலாவது சாய்ந்து கத்தினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தியாம்-சாய் திரும்பினார். விறுவிறுவென்று போனார். ஏணியைக் கொண்டுவந்து தன் கூரையில் சாத்தினார். கடப்பாரையோடு ஏறினார். முகட்டின்மேல் உட்கார்ந்து, தான் வைத்த செங்கல் வரிசையைத் தானே பெயர்க்க ஆரம்பித்தார்.

"ஐயோ, என்ன பண்றீங்க? மழை வரப்போகுதுங்க! தலைமேல ஒழுகுமே!" என்று கத்தினாள் பிக்-லியென்.

"ஒழுகட்டும்."

"டேய் தியாம்-சாய்," என்றான் குன், பாக்கைத் துப்பிவிட்டு, "ஒங்க அண்ணி கேட்டா ஒன் தலையையும் சீவிக் குடுப்பியாடா?"

"வாயைப் பாத்துக்கிட்டு நிக்காம ஓட்டைப் பிடி."

செங்கல் ஒவ்வொன்றாய் வந்தது. காரை தூளாக உதிர்ந்து, காயப்போட்ட பூண்டின்மேல் வெள்ளையாகப் படிந்தது. எத்தனை ஆசையாய் மேய்ந்த கூரை! சுண்ணாம்பைக்கூடத் தானே சலித்துப் போட்டவர். இப்போது வெறி பிடித்தவர்போல இடது வலது பாராமல் பெயர்த்தார். மேலே வானம் தெரிகிற மாதிரி முகடு பிளந்தது. அதைப் பார்த்ததும் பிக்-லியெனுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சொல்லுங்களேன்! இன்னும் எதுக்கு வாயில கொழுக்கட்டை? இவரு ஒசத்தலை அக்கா. தண்ணி மட்டம் புடிச்சு ரெண்டு விரக்கடை கீழதான் வெச்சாரு. ஊரே பாத்துச்சு. உங்க பக்கம்தான் எறங்கிக்கிட்டே போகுது. உள்ள எல்லாம் கரையான். அதைச் சொன்னா அண்ணன் மனசு நோகுமேன்னு இந்த மனுஷன் ராவெல்லாம் உருண்டுக்கிட்டுக் கிடக்காரு!"

"பிக்-லியென்!" மேலேயிருந்து இடி மாதிரி ஒரு சத்தம். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. "எறங்குதா? எங்க பக்கமா?" என்றாள். குன்னைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். புருஷனைப் பார்த்தாள்.

அண்ணன் தாடையை அசைத்தார். சொல் ஒன்று உள்ளே கிடந்து புரண்டது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"தெ... தெரியும்."

"என்ன தெரியும்?"

"எறங்குது. போன... வருஷமே... பாத்தேன்." எச்சில் வழிந்தது. அதை அவரே இடது கையால் துடைத்துக்கொண்டார். "நான்... பெரியவன். தம்பிகிட்ட... எப்படி... கேப்பேன்?"

அண்ணி அப்படியே பூண்டுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நல்ல நாளைக்கென்று போட்டுவந்த பட்டுச் சட்டையெல்லாம் சருகு ஒட்டியது. "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றாள் சின்னக் குரலில். அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் இத்தனை நாளாக இதையே விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் கோபம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

தியாம்-சாய் இறங்கி வந்தார். முடியெல்லாம் காரை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பூண்டுக் கட்டுகளைக் காலால் விலக்கியபடி முற்றத்தைக் கடந்து, டிராகன்பக்கத்துச் சுவரில் சாத்தினார். அந்தச் சுவர்மேல் அவர் ஏணி சாய்வது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏணியின் காலை அழுத்திப் பார்த்தார். முதல் படியில் ஒரு கால் வைத்தார். அப்புறம் திரும்பினார்.

"அண்ணே. ஏறட்டுமா?"

"ஏறுங்க தம்பி" என்றாள் அண்ணி. அழுதுகொண்டிருந்தாள். "எதை வேணும்னாலும் பிரிங்க, மாத்துங்க. ஏறுங்க."

அவர் ஏறவில்லை.

"அதான் சொல்லிட்டாங்கல்ல, இன்னும் என்னடா?" என்றான் குன்.

அதற்கும் ஏறவில்லை. ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கால் ஆடவில்லை. கட்டைவிரல் ஆடவில்லை.

அண்ணன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். அதற்கும் சொல் வரவில்லை. நாற்காலியின் கையை இடது கையால் அழுத்தி எழுந்தார். அண்ணி பிடிக்க ஓடினாள். வேண்டாமென்று தலையாட்டினார். வலது காலை இழுத்து இழுத்து, பூண்டையும் காரையையும் அரைத்துக்கொண்டு ஏணிவரை வந்தார். இடது கையைத் தம்பியின் முதுகில் வைத்து, மேலே தள்ளினார்.